சுற்றும் கம்பி, நகராத முள்

பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். முதல் ஏழு வருஷம் ஒரு மோட்டாரைக்கூடச் சுற்றிக் காட்டாமல் மோட்டார் பாடத்தை நடத்தி முடித்தவன். கரும்பலகையில் இரண்டு காந்த முனைகள், நடுவில் ஒரு செவ்வகச் சுருள், கீழே இரண்டாகப் பிளந்த வளையம், அதைத் தொட்டபடி இரண்டு தூரிகைகள். படம் அழகாக வரும். பாகங்களைச் சரியாகக் குறித்தால் மார்க். அடுத்த பீரியடில் அதே படத்தைக் கொஞ்சம் மாற்றிப் போட்டால் மின்னியற்றி, அதற்கும் மார்க். எட்டாவது வருஷம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான். "சார், இது நெஜமாவே சுத்துமா?"

கிண்டலாக இருந்திருந்தால் அதட்டி உட்கார வைத்திருப்பேன். அவன் உண்மையாகவே சந்தேகப்பட்டுத்தான் கேட்டான். பார்க்காத ஒன்றை நம்பச் சொன்னால் எவனும் கேட்கத்தானே செய்வான்.

மறுநாள் ஒரு டார்ச் செல், இரண்டு சேஃப்டி பின், ரீவைண்டிங் கடையில் கேட்டு வாங்கிய எனாமல் கம்பி, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். கம்பியைப் பத்துச் சுற்று சுற்றி வளையமாக்கி, இரண்டு முனைகளையும் உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துப் பின்களின் காதுக்குள் நுழைத்தேன். சுருள் ஒரு துள்ளு துள்ளியது. பாதி திரும்பியது. திரும்பிய வேகத்தில் பின்னால் வந்தது, ஊசலாடியது, நின்றுவிட்டது. கையால் சுண்டிவிட்டேன். மறுபடி அதே கதை. "செல்லு பத்தல சார்" என்றான் ஒருவன். "காந்தம் போச்சு சார்" என்றான் இன்னொருவன். மணி அடித்து என்னைக் காப்பாற்றியது.

இரவு உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. எனாமலை முழுக்கச் சுரண்டியதுதான் தப்பு. ஒரு முனையில் பாதிப் பக்கத்தை மட்டும் சுரண்ட வேண்டும், மறுபாதி பூச்சோடு இருக்க வேண்டும். சுருள் அரைச் சுற்று சுற்றும்போது காந்தம் அதை முன்னே தள்ளுகிறது. அடுத்த அரைச் சுற்றில் அதே மின்னோட்டம் அதைப் பின்னே இழுக்கும். அந்த நேரத்தில் பூச்சு குறுக்கே வந்து மின்னோட்டத்தைத் துண்டித்துவிட்டால், வந்த வேகத்திலேயே சுருள் அந்தப் பாதியைக் கடந்துவிடும். பாடப்புத்தகத்தின் பிளவு வளையம் இதையே இன்னும் சாமர்த்தியமாக, திசையைப் புரட்டிப்போட்டுச் செய்கிறது. ஏழு வருஷமாக அந்த வளையத்தை வரைந்திருக்கிறேன். அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

அந்த அவமானத்தில் ஒரு கேள்வி ஒட்டிக்கொண்டது. இதையெல்லாம் முதன்முதலில் நாலு பேர் முன்னால் செய்து காட்டியவர்களுக்கு என்ன நடந்தது?

*

பாடப்புத்தகத்தில் ஒரு வரிதான் இருக்கும். 1820இல் ஆர்ஸ்டெட் என்ற டென்மார்க் அறிஞர் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தபோது தற்செயலாக, மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகில் காந்த ஊசி விலகுவதைக் கண்டார். அந்தத் 'தற்செயலாக' என்ற சொல்தான் சிக்கல்.

ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆர்ஸ்டெட் கோபன்ஹேகனில் இயற்பியல் பேராசிரியர். இயற்கையின் விசைகளெல்லாம் அடியில் ஒன்றுதான் என்று நம்பிய தத்துவக் கிறுக்கு பிடித்த தலைமுறையைச் சேர்ந்தவர். மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் தொடர்பு இருந்தாக வேண்டும் என்று பல வருஷமாக மனதில் வைத்திருந்தார். 1820 வசந்தத்தில் ஒரு சொற்பொழிவுக்காகப் பரிசோதனையைத் தயார் செய்தார். முன்கூட்டியே செய்து பார்க்க நேரம் கிடைக்கவில்லை. வகுப்பு நடக்கும்போதே, செய்து பார்த்துவிடலாம் என்று தோன்றி, செய்துவிட்டார். ஆசிரியர்கள் எல்லோருக்கும் இந்தச் சூழ்நிலை தெரியும். ஒத்திகை பார்க்காத பரிசோதனையை மாணவர்கள் முன் செய்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும், அல்லது சோம்பல் வேண்டும்.

ஊசி நகர்ந்தது. ஆனால் மிகக் கொஞ்சம். வெப்பமும் ஒளியும் வந்தால்தான் காந்த விளைவும் வரும் என்று நினைத்து அவர் மெல்லிய பிளாட்டினக் கம்பியைப் பயன்படுத்தியிருந்தார். மெல்லிய கம்பியில் மின்தடை அதிகம், மின்னோட்டம் குறைவு. ஆகவே ஊசி பட்டும் படாமலும் அசைந்தது. பார்வையாளர்களிடம் அது பெரிய சலனம் எதையும் ஏற்படுத்தவில்லை என்று பின்னாளில் அவரே எழுதினார். நவீன உலகத்தைப் புரட்டிப்போட்ட பரிசோதனையை அறை நிறைய ஆட்கள் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள், யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. ஏன், அவருக்கே உடனே தோன்றவில்லை. மூன்று மாதம் போட்டு வைத்துவிட்டு, ஜூலையில் பெரிய மின்கலத்தை வைத்துத் திரும்பச் செய்தார். கம்பியைத் தடிமனாக்கினால் விளைவு கூடுகிறது என்று கண்டார். ஜூலை 21ஆம் தேதி லத்தீனில் நான்கு பக்கத் துண்டு வெளியீடு ஒன்றை அச்சிட்டு ஐரோப்பா முழுக்க அனுப்பினார்.

அந்த நான்கு பக்கங்களில் ஒரு விசித்திரம் இருந்தது. ஊசி கம்பியை நோக்கி இழுக்கப்படவும் இல்லை, கம்பியிலிருந்து தள்ளப்படவும் இல்லை. குறுக்கே திரும்பி நின்றது. கம்பியை ஊசிக்கு மேலே வைத்தால் ஒரு பக்கம், கீழே வைத்தால் மறுபக்கம். கம்பியைச் சுற்றி ஏதோ வட்டமாக இருக்கிறது. நியூட்டனுக்குப் பிறகு விசை என்றாலே இரண்டு பொருள்களை இணைக்கும் நேர்க்கோட்டில் இழுப்பது அல்லது தள்ளுவது என்று பழகிப்போன காலம் அது. வட்டமாகச் செயல்படும் விசை என்பது இலக்கணப் பிழை மாதிரி கேட்டிருக்கும். பாரிஸில் அரகோ செப்டம்பர் 11 அன்று அகாதெமி உறுப்பினர்கள் முன் அந்தப் பரிசோதனையைச் செய்து காட்டினார். ஒரே வாரத்தில், 18ஆம் தேதி, ஆம்பியர் தன் முதல் கட்டுரையோடு வந்து நின்றார். கணிதம் தெரிந்த கை. ஆம்பியர் வட்டத்தை மறுபடி நேர்க்கோடுகளாகவே பிரித்து எழுதினார், அற்புதமாக எழுதினார். அதனால்தானோ என்னவோ, வட்டத்தை வட்டமாகவே பார்க்கக் கணிதம் தெரியாத ஒருவர் தேவைப்பட்டார்.

*

மைக்கேல் ஃபாரடே கொல்லர் மகன். புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை கற்றவர். 1812இல் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, எடுத்த குறிப்புகளைப் படங்களோடு எழுதி, தானே பைண்ட் செய்து டேவிக்கு அனுப்பினார். அடுத்த வருஷம் அங்கே உதவியாளர் வேலை கிடைத்தது. பரிசோதனைக்கூடத்துக்குள் அவர் வந்த கதவே ஒரு டெமோவின் கதவுதான். மேடையில் ஒருவர் செய்து காட்டியதைக் கீழே உட்கார்ந்து பார்த்தவர்.

1821 ஏப்ரலில் வோலஸ்டன் என்ற மூத்த அறிஞர் டேவியோடு சேர்ந்து ஒரு பரிசோதனை செய்து பார்த்தார். மின்னோட்டம் பாயும் கம்பி அருகே காந்தத்தைக் கொண்டுவந்தால், கம்பி தன் அச்சிலேயே தானாகச் சுழலும் என்பது அவர் எண்ணம். சுழலவில்லை. அவர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஃபாரடே உள்ளே வந்தார், பேச்சைக் கேட்டார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்தச் சில நிமிடங்கள் பிற்பாடு அவரைப் பல வருஷம் துரத்தின.

அதே கோடையில் ஒரு பத்திரிகை ஆசிரியரான நண்பர், மின்காந்தவியல் பற்றி இதுவரை வந்ததையெல்லாம் தொகுத்து எழுதித் தரச் சொன்னார். மற்றவர்கள் எழுதியதைச் சுருக்கித் தருவது எளிது. ஃபாரடே ஒவ்வொரு பரிசோதனையையும் தானே செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதினார். அப்படிச் செய்துகொண்டு போகும்போது செப்டம்பர் 3, 4 தேதிகளில் அது நடந்தது. பாத்திரத்தில் பாதரசம், நடுவில் செங்குத்தாக ஒரு காந்தம், மேலேயிருந்து தளர்வாகத் தொங்கும் கம்பியின் நுனி பாதரசத்தில் தோய்ந்திருக்கும். மின்கலத்தை இணைத்ததும் கம்பி காந்தத்தைச் சுற்றி வரத் தொடங்கியது. மின்னோட்டம் இருக்கும்வரை நிற்கவே இல்லை. திசையை மாற்றினால் எதிர்ப்பக்கம் சுற்றியது. கம்பியை நிலையாக வைத்துக் காந்தத்தைத் தளர்வாக விட்டால் காந்தம் கம்பியைச் சுற்றியது.

கூட இருந்தது மனைவியின் தம்பி ஜார்ஜ் பர்னார்ட், பதின்பருவத்துப் பையன். கம்பி சுற்றுவதைப் பார்த்து இருவரும் மேஜையைச் சுற்றிக் குதித்தார்கள் என்றும், வேலையை மூட்டை கட்டிவிட்டு அன்று மாலை ஆஸ்ட்லி சர்க்கஸ் பார்க்கப் போனார்கள் என்றும் அந்தப் பையன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். உலகின் முதல் மின்மோட்டார் அதுதான் என்று சொல்லலாம். அதை வைத்து ஓர் ஈயைக்கூட விரட்ட முடியாது.

இதை என் வகுப்பில் பாதரசம் இல்லாமல் செய்கிறேன். ஒரு பென்சில் செல்லை நியோடிமியம் காந்த வட்டின் மேல் நிறுத்தி, செம்புக் கம்பியை இதய வடிவில் வளைத்து, மேல் நுனி செல்லின் தலையிலும் கீழ் இரண்டு நுனிகள் காந்தத்தின் விளிம்பையும் லேசாகத் தொடும்படி வைத்தால், கம்பி சுற்றும். கம்யூட்டேட்டர் கிடையாது, சுருள் கிடையாது, கண்ணுக்கு மறைவாக எதுவும் கிடையாது. மின்னோட்டம் ஒரு திசையில், காந்தப்புலம் இன்னொரு திசையில், விசை இரண்டுக்கும் குறுக்கே. கொஞ்ச நேரத்துக்கு மேல் ஓட்டினால் செல் கையைச் சுடும். கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட்தானே அது.

ஃபாரடே அடுத்துச் செய்த காரியம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. சின்னக் கண்ணாடிக் குழாயில் அந்தக் கருவியின் குட்டி வடிவம் ஒன்றைச் செய்து, ஐரோப்பாவில் இருந்த அறிஞர்களுக்கு அனுப்பினார். கட்டுரையைப் படித்து நம்ப வேண்டாம், இதோ, மின்கலத்தை மாட்டிப் பாருங்கள் என்பது மாதிரி.

லண்டனில் நிலைமை வேறு. கட்டுரை அக்டோபரில் வெளிவந்ததும், வோலஸ்டனின் யோசனையைத் திருடிவிட்டான் என்று பேச்சு கிளம்பியது. கட்டுரையில் வோலஸ்டன் பெயர் இல்லை. ஃபாரடே தரப்பில் நியாயம் உண்டு. வோலஸ்டன் எதிர்பார்த்தது கம்பி தன்னைத்தானே சுற்றுவது. ஃபாரடே கண்டது கம்பி காந்தத்தைச் சுற்றி வலம் வருவது. இரண்டும் வேறு. ஆனால் ஒரு வரி நன்றி போட்டிருக்கலாம், போடவில்லை. அவசரம்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் கொல்லர் மகன் அவசரப்பட்டால் அதற்கு வேறு பெயர் வைப்பார்கள். அவர் வோலஸ்டனுக்குக் கடிதம் எழுதி விளக்கம் சொன்னார். வோலஸ்டன் அதைப் பெரிதுபடுத்தாமல் விட்டுவிட்டார், நேரில் வந்து பரிசோதனையைப் பார்க்கவும் செய்தார். விடாதவர் டேவி. 1823இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராக ஃபாரடேயின் பெயர் முன்மொழியப்பட்டபோது, தலைவராக இருந்த டேவி எதிர்த்தார். பத்து வருஷம் முன்பு வேலை கொடுத்த அதே கை. 1824 ஜனவரி 8ஆம் தேதி தேர்தல் நடந்தது. எதிராக விழுந்தது ஒரே ஒரு வாக்கு.

அந்தக் காயத்தால்தான் ஃபாரடே மின்காந்தவியலை விட்டு விலகி, டேவி 1829இல் இறந்த பிறகே திரும்பி வந்தார் என்று சிலர் எழுதுகிறார்கள். கதையாக நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இடைப்பட்ட வருஷங்களிலும் அவர் அவ்வப்போது முயன்று தோற்றிருக்கிறார். தவிர, ராயல் சொசைட்டி தலையில் கட்டிய கண்ணாடி தயாரிக்கும் வேலை அவருடைய பல வருஷங்களைத் தின்றது. மனித மனம் பற்றி நமக்குப் பிடித்த விளக்கங்களை எளிதில் நம்பிவிடுகிறோம்.

*

அடுத்த கேள்வி இதுதான். மின்சாரத்திலிருந்து காந்தம் வருகிறது என்று 1820இல் தெரிந்துவிட்டது. காந்தத்திலிருந்து மின்சாரம் வருமா என்று எல்லோருக்கும் தோன்றும். அதற்கு ஏன் பதினோரு வருஷம் ஆயிற்று? கம்பி இருந்தது, காந்தம் இருந்தது, ஐரோப்பாவின் கூர்மையான மூளைகள் அத்தனையும் இருந்தன.

ஜெனீவாவில் கொலாடோன் என்ற இளைஞர் 1825இல் சரியான பரிசோதனையையே செய்தார். கம்பிச்சுருளுக்குள் வலுவான காந்தத்தை நுழைத்து, சுருளைக் கால்வனோமீட்டரோடு இணைத்திருந்தார். காந்தம் நேரடியாகக் கால்வனோமீட்டரின் ஊசியை இழுத்துவிடக் கூடாதே என்று கவனமாக, அந்தக் கருவியை நீண்ட கம்பிகளோடு பக்கத்து அறையில் வைத்தார். இந்த அறையில் காந்தத்தை நுழைத்தார். அந்த அறைக்கு நடந்து போய்ப் பார்த்தார். முள் பூஜ்யத்தில் இருந்தது.

அவர் நடந்து போன நேரத்தில் எல்லாம் நடந்து முடிந்திருந்தது. கூட ஓர் உதவியாளர் இருந்திருந்தால், அந்த அறையில் ஒரு பையனை உட்கார வைத்திருந்தால், இன்று பாடப்புத்தகத்தில் அவர் பெயர் இருந்திருக்கும். வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னால் எல்லோரும் "அய்யோ" என்பார்கள். ஃபாரடேயின் வெற்றிக்குக் கிடைக்காத சத்தம் அது.

ஆனால் கொலாடோனின் துரதிர்ஷ்டம் மட்டும் காரணம் இல்லை. எல்லோரும் நிலையான ஒன்றையே எதிர்பார்த்தார்கள். கம்பியில் மின்னோட்டம் நின்று நிலைத்து ஓடினால் பக்கத்தில் காந்தவிளைவு நின்று நிலைக்கிறது. அதே மாதிரி, காந்தத்தைச் சும்மா பக்கத்தில் வைத்தால் மின்னோட்டமும் ஓடிக்கொண்டே இருக்கும் என்று எண்ணினார்கள். 1824இல் அரகோ, சுழலும் செம்புத் தட்டுக்கு மேல் தொங்கவிட்ட காந்த ஊசி தட்டோடு சேர்ந்து திரும்புகிறது என்று காட்டினார். செம்பைக் காந்தம் ஈர்க்காது, ஆனால் சுற்றினால் இழுக்கிறது! விடை மேஜை மேலேயே சுழன்றுகொண்டிருந்தது. ஏழு வருஷம் யாராலும் விளக்க முடியவில்லை.

1831 ஆகஸ்ட் 29. ஃபாரடே ஆறு அங்குல விட்டமுள்ள இரும்பு வளையத்தின் இரு பக்கமும் செம்புக் கம்பியைச் சுற்றியிருந்தார். கடையில் உறை போட்ட கம்பி கிடைக்காத காலம். சுற்றுக்குச் சுற்று நூலும், அடுக்குக்கு அடுக்குத் துணியும் வைத்துக் கையாலேயே பிரித்துச் சுற்ற வேண்டும். ஒரு பக்கம் மின்கலம், மறுபக்கம் காந்த ஊசி. இணைத்த கணத்தில் ஊசி துடித்து, பழைய இடத்துக்கு வந்துவிட்டது. துண்டித்த கணத்தில் மறுபடி துடித்தது. நடுவே ஒன்றும் இல்லை. அக்டோபர் 17 அன்று, காகித உருளை மேல் சுற்றிய சுருளுக்குள் ஒரு சட்டக் காந்தத்தை நுழைத்து எடுத்தார். நுழையும்போது ஊசி ஒரு பக்கம், எடுக்கும்போது மறுபக்கம். உள்ளே அசையாமல் இருந்தால் பூஜ்யம். அக்டோபர் 28 அன்று ராயல் சொசைட்டியின் மாபெரும் காந்தத்தின் முனைகளுக்கிடையே செம்புத் தட்டைச் சுழற்றி, அச்சிலும் விளிம்பிலும் தொட்டு, தொடர்ச்சியான மின்னோட்டத்தை எடுத்தார். அரகோவின் புதிர் அவிழ்ந்தது. முதல் மின்னியற்றியும் பிறந்தது.

இந்தப் பாடத்துக்கு இப்போது நான் செய்வது ஒன்றுதான். காந்தத்தைச் சுருளுக்குள் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுவேன். "என்னடா தெரியுது?" "ஒண்ணும் தெரியல சார்." "நல்லாப் பாருங்க." ஒரு நிமிஷம் போகும். ஒரு நிமிஷம் வகுப்பறையில் மிக நீளம். முள் நகராது. அப்புறம் காந்தத்தை உருவுவேன். முள் துள்ளும். முதலிலேயே துள்ளலைக் காட்டிவிட்டால், நகராத முள்ளைப் பார்க்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. பதினோரு வருஷம் ஐரோப்பா பார்த்துக்கொண்டிருந்தது அந்த நகராத முள்ளைத்தான்.

(ஒரு மந்திரி இதனால் என்ன பயன் என்று கேட்டதற்கு, 'ஒரு நாள் நீங்கள் இதற்கு வரி போடலாம்' என்று ஃபாரடே பதில் சொன்னதாக ஒரு கதை வாட்ஸாப்பில் சுற்றுகிறது. அந்தக் காலத்து ஆதாரம் எதுவும் அதற்குக் கிடையாது. நானும் சில வருஷம் வகுப்பில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை.)

*

எனக்கு ஃபாரடேயைவிட நெருக்கமானவர் ஜோசப் ஹென்றி. காரணம் எளிது, அவர் பள்ளி வாத்தியார்.

நியூயார்க் மாநிலத்தில் ஆல்பனி அகாடமி என்ற பள்ளியில் 1826இலிருந்து கணக்கும் இயற்பியலும் எடுத்தார். நாளுக்கு ஏழு மணி நேரம் வகுப்பு. அதில் பெரும்பகுதி சின்னப் பையன்களுக்குக் கூட்டல், கழித்தல். பரிசோதனை செய்யத் தோதான பெரிய அறை வகுப்பாகவே பயன்பட்டது. ஆகஸ்ட் விடுமுறையில் மட்டும்தான் காலியாகும். ஒரு வருஷத்தின் யோசனைகளையெல்லாம் சேர்த்து வைத்து ஒரே மாதத்தில் செய்து பார்க்க வேண்டும். செப்டம்பரில் பெஞ்சுகள் திரும்ப வந்துவிடும்.

அந்த ஆகஸ்ட் மாதங்களில் அவர் செய்தது கொஞ்சநஞ்சம் இல்லை. கம்பிக்குப் பட்டு உறை போட்டு, அடுக்கடுக்காக நெருக்கிச் சுற்றி, அதுவரை யாரும் பார்க்காத வலுவுள்ள மின்காந்தங்களைச் செய்தார். யேல் கல்லூரிக்குச் செய்து கொடுத்த காந்தம் 2,000 பவுண்டுக்கு மேல் தூக்கியது. 1831இல் ஒரு சின்ன மோட்டாரும் செய்தார். தராசுக்கோல் மாதிரி நடுவில் தாங்கிய ஒரு மின்காந்தம், இரு பக்கமும் நிலைக்காந்தம். கோல் ஒரு பக்கம் சாய்ந்ததும் அதன் கம்பி நுனிகள் பாதரசக் கிண்ணத்தில் தோய்ந்து மின்னோட்டத்தின் திசை மாறும், உடனே மறுபக்கம் சாயும். நிமிஷத்துக்கு 75 தடவை தலையாட்டும். என் சேஃப்டி பின் மோட்டாரின் பாதி சுரண்டிய எனாமல் செய்த வேலை இங்கே பாதரசக் கிண்ணத்துக்கு. இதை வெளியிடும்போது, இப்போதைக்கு இது ஓர் அறிவியல் பொம்மைதான் என்ற தொனியில் அவரே அடக்கமாகச் சொல்லிவைத்தார்.

1831 ஆகஸ்ட்டில், ஃபாரடே வளையத்தில் கம்பி சுற்றிக்கொண்டிருந்த அதே மாதத்தில், ஹென்றி இன்னும் பெரிய மின்காந்தம் ஒன்றைத் தொடங்கினார். காந்தத்திலிருந்து மின்சாரம் எடுப்பதும் அவர் திட்டத்தில் இருந்தது. வேலை தடைபட்டது. அடுத்த வருஷம் ஃபாரடேயின் கண்டுபிடிப்பு பற்றிய செய்தி கடல் கடந்து வந்து சேர்ந்தபோதுதான் அவர் அவசரமாகத் திரும்பினார். ஜூலை 1832இல் அவர் கட்டுரை வெளியானது. அதில் ஃபாரடேயிடம் இல்லாத ஒன்று இருந்தது. ஒரே சுருளுக்குள் மின்னோட்டம் துண்டிக்கப்படும்போது அந்தச் சுருளே தனக்கு எதிராகப் பொறியை எழுப்பும் தன்மின்தூண்டல். பின்னாளில் தூண்டலின் அலகுக்கு 'ஹென்றி' என்று பெயர் வைத்தார்கள். வைக்கட்டும். அறை காலியாக இல்லாத அந்தப் பதினொரு மாதங்களைத்தான் நான் நினைத்துக்கொள்வேன். எங்கள் பள்ளி ஆய்வகத்திலும் பரீட்சை நேரத்தில் பெஞ்சு போட்டுவிடுகிறார்கள்.

*

ஃபாரடேயின் செய்தி கிடைத்த சில மாதங்களிலேயே, 1832இல், பாரிஸில் கருவி செய்யும் பிக்ஸி ஒரு யந்திரத்தை உருவாக்கினார். மேலே இரண்டு நிலையான சுருள்கள், கீழே கைப்பிடியால் சுற்றும் குதிரைலாடக் காந்தம். மின்னோட்டம் வந்தது, ஆனால் அரைச் சுற்றுக்கு ஒருமுறை திசை மாறி மாறி வந்தது. இது குறை என்று அன்றைக்கு நினைத்தார்கள். ஆம்பியரின் யோசனைப்படி திசைமாற்றி ஒன்றைப் பொருத்தி ஒரே திசையாக்கினார்கள். குறை என்று ஒதுக்கிய அந்த மாறுதிசைதான் இன்று நம் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

சைக்கிள் டைனமோ நினைவிருக்கிறதா? என் வயதுக்காரர்களுக்கு இருக்கும். டயரில் சாய்ந்து உரசும் குட்டிச் சொம்பு. அதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே காந்தம் சுற்றும், சுருள் நிலையாக இருக்கும். பிக்ஸியின் அதே ஏற்பாடு, திசைமாற்றி மட்டும் இல்லை. டைனமோவைப் போட்டதும் மிதிக்கக் கனக்குமே, அது மின்சாரத்துக்கு நாம் கொடுக்கும் விலை என்று ஆசிரியர்கள் சொல்வோம். பாதி உண்மை. டயரோடு உரசுவதும் அதில் கணிசம்.

ஆக மோட்டார் ஒரு பக்கம், மின்னியற்றி ஒரு பக்கம். ஒன்றின் படத்தைக் கொஞ்சம் மாற்றினால் இன்னொன்று என்று நான் கரும்பலகையில் செய்ததை, பெரிய யந்திரங்களாக உலகம் கூடி நின்று பார்த்தது 1873 வியன்னா கண்காட்சியில். ஒரு கிராம் யந்திரம் மின்சாரம் தர, நீண்ட கம்பியின் மறுமுனையில் அதே மாதிரியான இன்னொரு யந்திரம் மோட்டாராகச் சுழன்று பம்பை ஓட்டியது. வேலையாள் ஒருவர் கம்பிகளைத் தவறாக மாட்டியதால், சும்மா நின்ற யந்திரம் தானாகச் சுழன்றது, அப்படித்தான் இது கண்டுபிடிக்கப்பட்டது என்று ஒரு கதை உண்டு. இரண்டும் ஒன்றே என்பது அறிஞர்களுக்கு முன்பே தெரியும். ஆனால் தெரிவது வேறு, ஊரைக் கூட்டிக் காட்டுவது வேறு.

படத்தில் குழம்பிய மாணவர்களுக்காக லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பாடம் எடுத்த ஃபிளெமிங் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார். மோட்டாருக்கு இடக்கை, மின்னியற்றிக்கு வலக்கை. கட்டைவிரல் இயக்கம், சுட்டுவிரல் புலம், நடுவிரல் மின்னோட்டம். பரீட்சை ஹாலில் இரண்டு கைகளையும் முறுக்கிக்கொண்டு, பேனாவைக் கீழே வைத்துவிட்டு, காற்றில் விரல்களைத் திருப்பிப் பார்க்கும் பிள்ளைகளைக் கண்காணித்திருக்கிறேன். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். 1820இல் எல்லோரையும் திணறடித்த அந்தக் குறுக்குவாட்டு விசை இப்போது பதினைந்து வயதுப் பிள்ளையின் விரல்களில் இருக்கிறது. ஆனால் ஏன் இரண்டு கைகள் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. என்னிடமும் ரொம்ப நாள் இல்லை.

மோட்டாரில் மின்னோட்டம் காரணம், இயக்கம் விளைவு. மின்னியற்றியில் இயக்கம் காரணம், மின்னோட்டம் விளைவு. அப்படிப் பிறந்த மின்னோட்டமும் ஒரு மின்னோட்டம்தானே, அதன் மேலும் காந்தம் விசை செலுத்தும். எந்தத் திசையில்? சுற்றும் கைக்கு எதிராக. அதற்கு உதவியாக இருந்திருந்தால் ஒருமுறை சுண்டிவிட்ட சக்கரம் தானாக வேகம் பிடித்து உலகத்துக்கே இலவச மின்சாரம் தந்திருக்கும். 1834இல் லென்ஸ் இதை விதியாக எழுதினார். சுழலும் ஒவ்வொரு மின்னியற்றிக்குள்ளும் அதை எதிர்த்துத் தள்ளும் ஒரு மோட்டார் ஒளிந்திருக்கிறது. அதனால்தான் இரண்டு கைகளும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கின்றன.

இதைப் போன வருஷம் இரண்டு மஞ்சள் கியர் மோட்டாரை வைத்துக் காட்டினேன், ரோபோ கிட்டில் வருமே, அது. ஒன்றின் கம்பிகளை மற்றதோடு இணைத்து, இதன் அச்சைக் கையால் திருகினால் அது சுற்றும். அதைத் திருகினால் இது சுற்றும். எது மோட்டார், எது மின்னியற்றி என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சண்டை நடந்தது. அப்புறம் ஒன்றை மட்டும் முன் பெஞ்சுப் பெண்ணிடம் கொடுத்துத் திருகிக்கொண்டே இருக்கச் சொன்னேன். பக்கத்தில் இருந்தவளிடம் அதன் இரண்டு கம்பி நுனிகளை ஒன்றோடொன்று தொடச் சொன்னேன்.

"சார், யாரோ புடிக்கிற மாதிரி இருக்கு."

"எடு."

"இப்ப லேசாயிடுச்சு."

"வை."

"அய்யோ, கனமாயிடுச்சு சார். உள்ள என்ன சார் இருக்கு?"

பெஞ்சு விட்டு பெஞ்சு அந்த மோட்டார் போனது. ஒவ்வொருவரும் திருகிப் பார்த்தார்கள், அடுத்தவன் கம்பியைத் தொட்டான், எடுத்தான். கடைசி பெஞ்சு வரைக்கும் போய்ச் சேர்வதற்குள் உள்ளே பிளாஸ்டிக் கியரில் ஒரு பல் உடைந்துவிட்டது. புதுசு வாங்க வேண்டும்.